தமிழ்க் கையேட்டுக்கு எந்த ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்போர் குழுவாக இயங்குகிறோம். பெட்டி பராமரிப்பு, நோய், தேன் எடுப்பு பற்றி 60 பக்கத்தில் தமிழ்க் கையேடு இருக்கிறது. அதை இணையத்தில் போட ஒருவர் ஹியூகோ என்கிறார், இன்னொருவர் டாக்குசாரஸ் என்கிறார். எதை எடுப்பது?

பதில்: எழுதிய கோப்புகளிலிருந்து இணையப் பக்கங்களை உருவாக்கித் தரும் மென்பொருள்தான் ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர். நீங்கள் சொன்ன இரண்டையும் விட, அதே வகையைச் சேர்ந்த எம்கேடாக்ஸ்தான் உங்களுக்குப் பொருந்தும். அதற்கான மெட்டீரியல் தீமைச் (தளத்தின் தோற்ற அமைப்பு) சேர்த்துக்கொள்ளுங்கள். கையேட்டுக்கு முக்கியம் பக்கவாட்டுப் பட்டியலும் தேடலும். எம்கேடாக்ஸில் அவை கூடவே வருகின்றன. ஹியூகோவில் தேடலைத் தனியாகப் பொருத்த வேண்டும். டாக்குசாரஸ் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் ஓடுவதால் பக்கத்தோடு நிறைய ஜாவாஸ்கிரிப்ட்டும் இறங்கும். ரப்பர் தோட்டத்துக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் கைபேசியில் திறப்பவருக்கு அது வீண் சுமை.

தமிழுக்கென்று சில வேலைகள் உண்டு. பெரும்பாலோர் இவற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள். தேடலின் மொழி ஆங்கிலமாகவே இருந்தால் தமிழ்ச் சொல்லைத் தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம். கட்டமைப்புக் கோப்பில் தமிழையும் சேர்த்து, 'தேனடை' போன்ற சொல்லைத் தட்டிப் பாருங்கள்.

அடுத்தது தலைப்புகளின் இணைப்பு முகவரி. எம்கேடாக்ஸ் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை நீக்கிவிடுவதால் தமிழ்த் தலைப்புகளுக்கு வெறும் எண்களே முகவரியாகும். நடுவில் ஒரு தலைப்பைச் செருகினால் எண்கள் நகர்ந்து, வாட்ஸாப்பில் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பு வேறு இடத்துக்குப் போகும். யூனிகோடு வசதியை இயக்கினாலும் புள்ளியும் கொம்பும் உதிர்ந்த சிதைந்த சொல்தான் மிஞ்சும். ஆட்ரிபியூட் லிஸ்ட் என்ற நீட்சியை இயக்கி, ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் சிறு ஆங்கில அடையாளம் கொடுங்கள். கோப்புப் பெயரும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

கையேடு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி மெய்ப்புப் பாருங்கள். மெட்டீரியல் தீம் இப்போது பராமரிப்பு நிலையில் இருக்கிறது, புதிய வசதிகள் வராது. உங்கள் கையேட்டுக்கு இருப்பதே போதும். தானாக மாறாதபடி பதிப்பு எண்ணை மட்டும் பூட்டி வையுங்கள்.

கேள்வி: கன்னியாகுமரியில் சிறு தங்கும் விடுதி வைத்திருக்கிறேன். நான்கு பக்கத் தளத்தை ஹியூகோவில் செய்து தருபவர் ஹோஸ்டிங்குக்கென (தளத்தை இணையத்தில் வைத்திருக்க) ஆண்டுக்கு 6,000 ரூபாய் கேட்கிறார். நியாயமா?

பதில்: ஹோஸ்டிங்குக்கு என்றால் இல்லை. ஹியூகோ வெறும் எச்டிஎம்எல் கோப்புகளைத்தான் தருகிறது. தளங்களை வைக்க இடம் தரும் க்ளவுட்ஃப்ளேர் பேஜஸ் சேவையின் இலவசத் திட்டத்தில் 20,000 கோப்பு வரை வைக்கலாம், மாதம் 500 முறை பில்ட் செய்யலாம், அதாவது மூலக் கோப்புகளிலிருந்து பக்கங்களைப் புதிதாக உருவாக்கலாம். இதே போன்ற கிட்ஹப் பேஜஸ் வேண்டாம். அதில் இணைய வணிகம் நடத்த விதி இடம் தரவில்லை. டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) புதுப்பிப்புக்கும், கட்டணப் பட்டியலையும் படங்களையும் மாற்றித் தரும் உழைப்புக்கும் பணம் கேட்பது நியாயம். அதைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

கடைசித் தவணைக்கு முன் டொமைன் உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதா, மூலக் கோப்புகள் உங்கள் கணக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பில்டான பக்கங்கள் மட்டும் கையில் இருந்தால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஹியூகோவின் பதிப்பு எண்ணையும் கேட்டு வாங்கி, ஹோஸ்டிங் அமைப்பில் அதையே குறிப்பிடச் சொல்லுங்கள். பதிப்பு மாறினால் பழைய தீம் பில்டிலேயே நின்றுவிடலாம். தளம் நிறமும் அமைப்பும் இல்லாமல் வெறும் எழுத்தாகத் தெரிந்தால், ஹியூகோ அமைப்பின் அடிப்படை முகவரியில் சோதனை முகவரி அப்படியே விடப்பட்டிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

இத்தளத்துக்குப் பின்னால் நிரல் ஓடாததால் முன்பதிவுப் படிவம் தானாக வேலை செய்யாது. நான்கு பக்கத்துக்கு வாட்ஸாப் இணைப்பு ஒன்றே போதும்.