மே மாதம் பூத்த ஐரிஸ் அக்டோபரில் மறுபடி பூக்கிறது: என்ன ரகம்?

கேள்வி: அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பழைய வீடு ஒன்றை வாங்கினோம். வேலியோரம் வெள்ளை, மஞ்சள், அடர் ஊதா என மூன்று நிறங்களில் ஐரிஸ் இருக்கிறது. மே மாதம் பூத்தவை அக்டோபரில் திரும்பவும் பூக்கின்றன. வைத்தவர் யார் என்று தெரியவில்லை. போட்டோவைப் பார்த்துப் பெயர் சொல்ல முடியுமா?

பதில்: போட்டோவை மட்டும் பார்த்துச் சொன்னால் அது ஜோசியம்தான். தொங்கும் இதழின் மேல் தாடி போல மென்மயிர் இருக்கும் ‘தாடி ஐரிஸ்’ வகையில் பதிவான ரகங்கள் பல்லாயிரம், அதில் வெறும் வெள்ளையே நூற்றுக்கணக்கில் தேறும். ஆனால் உங்கள் செடி இரண்டாம் முறை பூக்கிறதே, அது பெரிய துப்பு. பெரும்பாலான ரகங்கள் வசந்தத்தோடு சரி.

ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். இஞ்சி போல அதன் பக்கத்தில் கிளைக்கும் புதுக் கிழங்குகள் அதே ஆண்டில் முற்றிவிட்டால் அவை இலையுதிர் காலத்தில் பூக்கும். அதற்கு நீண்ட வெயில் காலமும் தண்ணீரும் வேண்டும். வர்ஜீனியா அதற்குத் தோதான ஊர். மறுபூப்பு ரகங்களை உருவாக்கியதில் முக்கியமானவரான லாய்டு சர்பிரிக் அங்கேதான், ராட்ஃபோர்டில், இசைப் பேராசிரியராக இருந்தார். அவருடைய ‘இம்மார்ட்டாலிட்டி’ (1982) வெள்ளை, ‘ஹார்வெஸ்ட் ஆஃப் மெமரீஸ்’ மஞ்சள். இரண்டும் பல தோட்டங்களில் பரவியவை. சந்தேகப் பட்டியலில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள், முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஊதாவுக்கு ஸ்கேல் எடுத்துக்கொண்டு போங்கள். பூந்தண்டு 41 முதல் 70 செ.மீ.க்குள் இருந்தால் இடைத்தர வகையாக இருக்கலாம். அப்படியானால் 1933-இல் வந்த ‘எலினார் ரூஸ்வெல்ட்’ நினைவுக்கு வரும். 70 செ.மீ.யைத் தாண்டி நெடுநெடுவென நின்றால் ‘ரோசலி ஃபிக்’ (1993) போன்ற உயர வகையில் தேட வேண்டும். அளப்பது மே மாதப் பூவில் இருக்கட்டும். குளிரில் நிறம் அடர்ந்துவிடும், தண்டின் உயரமும் மாறலாம். அக்டோபர் பூவை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

அப்புறம், எல்லோரும் பூவையே பார்ப்பார்கள், நான் முதலில் குனிந்து அடியைப் பார்ப்பேன். வசந்தத்தில் வளரும் இலையை மண்ணை ஒட்டி லேசாக விலக்கினால் சில ரகங்களில் அடிப்பகுதி பீட்ரூட் சாறு பட்டதுபோல ஊதாவாக இருக்கும், சிலவற்றில் வெறும் பச்சை. இந்த ஒரு குறிப்பே பட்டியலிலிருந்து சில பெயர்களை அடித்துவிடும். பிறகு தொங்கும் இதழின் மேல் இருக்கும் தாடி. தொண்டைக்குள் ஒரு நிறம், நுனியில் வேறு நிறம் என்று இருக்கலாம், அதனால் ‘மஞ்சள் தாடி’ என்று மட்டும் எழுதினால் போதாது. தண்டில் எத்தனை கிளை, எத்தனை மொட்டு, வாசனை உண்டா, முதல் பூ விரிந்த தேதி என்ன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறிப்புகளை அமெரிக்க ஐரிஸ் சங்கத்தின் பதிவு விவரங்களோடு ஒப்பிடுங்கள். தாடி ஐரிஸ் பெயர்களை உலக அளவில் பதிவுசெய்வது அந்தச் சங்கம்தான். உயரம், பூக்கும் பருவம், தாடியின் நிறம் எல்லாம் அதில் இருக்கும். பொருந்துகிற ரகத்தில் ஒரு கிழங்கை நர்சரியில் வாங்கி, ஆகஸ்டில் உங்கள் செடிக்குப் பக்கத்திலேயே நடுங்கள். இரண்டும் ஒரே வெயிலில், ஒரே மண்ணில் பூக்கும்போது வித்தியாசம் தானாகத் தெரியும்.

ஒரு சிக்கல் உண்டு. விதை விழுந்து முளைத்த செடியாக இருந்தால் அதற்குப் பெயரே கிடையாது, எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அதனால் உறுதியாகும்வரை பக்கத்து வீட்டுக்குக் கிழங்கு கொடுக்கும்போது ‘இம்மார்ட்டாலிட்டி’ என்று சீட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். ‘வேலியோர வெள்ளை, இருமுறை பூக்கும்’ என்று எழுதினால் போதும்.