கேள்வி–பதில்: போர்க்காலப் போஸ்டர்களுக்கு ஒரு கேட்லாக்

இரண்டு உலகப் போர்களின் பிரசாரப் போஸ்டர்களைக் கண்காட்சியாக வைக்கிறோம். கேட்லாக்கில் படத்தின் கீழ் என்னென்ன எழுத வேண்டும்?
– கவின்கலை மாணவி, சென்னை

ஓவியர், ஆண்டு, அளவு எல்லோரும் போடுவதுதான். யார் வெளியிட்டது, யார் கண்ணில் பட ஒட்டியது என்பதையும் சேருங்கள். சட்டைக்கையைச் சுருட்டி முஷ்டி உயர்த்தும் பெண்ணின் 'வீ கேன் டூ இட்' போஸ்டரை, பெண்களை வேலைக்கு அழைத்த அரசுப் போஸ்டர் என்றே பலர் எழுதிவிடுகிறார்கள். ஜே. ஹோவர்ட் மில்லர் அதை வரைந்தது வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்க மின்சாதன நிறுவனத்துக்காக. 1943 பிப்ரவரியில் அந்நிறுவனத் தொழிற்சாலைகளுக்குள் இரண்டே வாரம் மாட்டியிருந்தார்கள். பார்த்தவர்கள் ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்தவர்கள். ஊரறியப் புகழ் பெற்றது 1980-களில்தான். படைக்கு ஆள் சேர்க்க பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் விரல் நீட்டும் ஆல்ஃபிரட் லீட்டின் படமும் முதலில் 1914 செப்டம்பர் 5 'லண்டன் ஒப்பீனியன்' இதழின் அட்டைப்படம்.

அச்சு முறையிலும் கவனம் தேவை. சோவியத் செய்தி நிறுவனமான டாஸ் வெளியிட்ட 'டாஸ் ஜன்னல்' போஸ்டர்களைப் பெரும்பாலும் ஸ்டென்சில் வெட்டிக் கையால் வண்ணமிட்டார்கள். லித்தோ (கல்லச்சு முறை) என்று எழுதினால் பிழை. அவற்றில் பல ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம். அப்படியொரு போஸ்டரும் சின்னத் துண்டறிக்கையும் பக்கத்தில் ஒரே அளவில் நின்றால் வாசகர் ஏமாறுவார். ஓரத்தில் ஆள் உருவம் ஒன்றைக் கோட்டோவியமாக வரைந்து, அதே விகிதத்தில் போஸ்டரின் கட்டத்தையும் காட்டுங்கள்.

கேட்லாக்கின் ப்ரூஃபில் (மாதிரி அச்சில்) போஸ்டர்களின் சிவப்பு மங்கலாக வருகிறதே, ஏன்?
– வடிவமைப்பாளர், மதுரை

அந்த ஆரஞ்சு கலந்த சிவப்பு அன்று தனி மையாகப் போனது. மெஜந்தா, மஞ்சள் புள்ளிகளால் அதை எட்ட முடியாது. மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சி இன்னும் மங்கவைக்கும். 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) எடையுள்ள, பளபளப்பில்லாத பூச்சுத் தாளான மேட் ஆர்ட் பேப்பருக்கு மாறுங்கள். சிவப்பு முக்கியமான படங்களை ஒரே 16 பக்கப் பாரத்தில் (ஒன்றாக அச்சாகி மடிக்கப்படும் தாளில்) சேர்த்து, அதற்கு மட்டும் வழக்கமான நான்கு மைகளோடு இந்தச் சிவப்பை ஐந்தாவது நிறமாக அடித்தால் செலவு அடங்கும். படம் 24 செ.மீ. உயரத்தில் அச்சாக, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) சுமார் 2,840 பிக்சல் வேண்டும்.

பழுப்பேறிய தாளைக் கணினியில் வெளுக்காதீர்கள். ஓரத்தையும் வெட்டாதீர்கள், அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் பொடியெழுத்தில் இருக்கும்.

அட்டையில் முழுப் போஸ்டரைப் போடலாமா?
– வாசகர், கோவை

வேண்டாம். மேசைமேல் கிடக்கும்போது கேட்லாக்கே பிரசாரம் செய்யத் தொடங்கிவிடும். மடிப்புத் தடமும் மைப்புள்ளியும் தெரிய ஒரு சிறு பகுதியைப் பெரிதாக்கிப் போடுங்கள். எதிரியை மிருகமாகக் காட்டும் படங்களுக்கு, முதல் உலகப் போரில் ஜெர்மனியைக் கொரில்லாவாகக் காட்டி ஹாரி ஹாப்ஸ் வரைந்த அமெரிக்கப் போஸ்டரைப் போல, விளக்கம் அதே பக்கத்திலேயே இருக்கட்டும். ஒருவர் அந்தப் பக்கத்தை மட்டும் மொபைலில் பிடித்து அனுப்பினாலும் விளக்கமும் கூடவே போகும்.