அந்தியோகியாவில் வழங்கிய பேர்: ‘கிறிஸ்தவர்’ என்ற சொல் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, “முதல்முதல் அந்தியோகியாவிலே சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்கிற பேர் வழங்கிற்று” என்று அப்போஸ்தலர் 11:26-ல் வாசிக்கிறோம். அந்தப் பேரை வைத்தது யார்? அவர்களே வைத்துக்கொண்டதா?

பதில்: வெளியார் வைத்தது என்பதே என் முடிவு. கிரேக்க வினையின் வடிவத்தை வைத்து ‘அவர்களே சூட்டிக்கொண்டார்கள்’ என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. ஆனால் மற்றச் சான்றுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் மூன்றே இடங்களில்தான் வருகிறது: இந்த வசனம், அப். 26:28, 1 பேதுரு 4:16. இரண்டாவது இடத்தில் பேசுகிறவன் அகிரிப்பா ராஜா, சபைக்கு வெளியே இருப்பவன். மூன்றாவதில் ஒருவன் அந்தப் பேரினிமித்தம் பாடுபடுவதைப் பற்றிய பேச்சு. பவுல் தம் நிருபங்களில் ஒருமுறைகூட இதை எழுதவில்லை. ‘பரிசுத்தவான்கள்’, ‘சகோதரர்’ என்றுதான் அழைக்கிறார். யூதர்கள் வைத்திருக்கவும் வழியில்லை. கிறிஸ்து என்றால் மேசியா. இயேசுவை மேசியா என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் அவருடைய ஆட்களை ‘மேசியாவின் ஆட்கள்’ என்று அழைப்பார்களா?

கேள்வி: அப்படியானால் அதற்கு முன்னே அவர்களுக்கு என்ன பேர்?

பதில்: உள்ளே சீஷர், சகோதரர், விசுவாசிகள். இயக்கத்துக்கு ‘இந்த மார்க்கம்’ (அப். 9:2, 19:9, 24:14). எதிராளிகள் சொன்னது ‘நசரேயர்’ (அப். 24:5). இந்தக் கடைசிப் பேர் அழிந்துபோகவில்லை. அரபியில் நஸ்ரானி, கேரளத்தில் தோமா கிறிஸ்தவர்களுக்கு நஸ்ராணி என்று இன்றைக்கும் புழங்குகிறது.

கேள்வி: ‘கிறிஸ்தவன்’ என்றால் ‘குட்டிக் கிறிஸ்து’ என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் சொன்னார்கள். சரியா அண்ணா?

பதில்: சரியில்லை தம்பி. பிரசங்கத்தில் நன்றாக ஒலிக்கும், ஆனால் இலக்கணத்தில் நிற்காது. கிரேக்கச் சொல் கிறிஸ்தியானோஸ். அதன் ‘-இயானோஸ்’ லத்தீன் ‘-இயானுஸ்’ விகுதியிலிருந்து வந்தது. அது சிறுமையைக் குறிக்காது. ஒரு தலைவனைச் சேர்ந்தவன், அவன் பக்கத்து ஆள் என்று குறிக்கும். ரோமத் தளபதி பொம்பேயுவின் பக்கம் நின்றவர்கள் பொம்பேயானி, சீசரின் ஆட்கள் சீசரியானி. மாற்கு 3:6-ல் வரும் ‘ஏரோதியர்’ என்ற பேரும் இதே அச்சில் வார்த்தது. ஆகவே கிறிஸ்தவன் என்றால் கிறிஸ்துவின் கட்சிக்காரன், அவரைச் சேர்ந்தவன். விகுதி லத்தீனாக இருப்பதிலும் ஆச்சரியமில்லை. அந்தியோகியா சீரியா மாகாணத்து ரோம ஆளுநரின் தலைநகரம் (இன்று துருக்கியிலுள்ள அந்தாக்கியா).

கேள்வி: ‘கிறிஸ்து’ என்பது இயேசுவின் குடும்பப் பேர் மாதிரியா?

பதில்: இல்லை, அது பட்டம். எபிரேயத்தில் மாஷியாக், அதாவது எண்ணெய் பூசி அபிஷேகம் பண்ணப்பட்டவர். கிரேக்கத்தில் அதன் மொழிபெயர்ப்பே கிறிஸ்தோஸ். யோவான் 1:41 இதை நேராகவே சொல்லிவிடுகிறது: “மேசியா என்பதற்குக் கிறிஸ்து என்று அர்த்தமாம்.”

பூசிய எண்ணெயின் கலவை யாத்திராகமம் 30-ல் இருக்கிறது. அது ஆசாரியருக்கும் ஆசரிப்புக் கூடாரத்துக்கும் உரியது. வேறு யாரும் அப்படிச் செய்யக்கூடாது என்ற கட்டளையும் உண்டு. சவுலையும் தாவீதையும் சாமுவேல் தைலம் பூசி ராஜாவாக்கினார். ஏசாயா 45:1-ல் பாரசீக ராஜா கோரேசுக்கே இந்தப் பட்டம் வருகிறது. ஆகவே ‘கிறிஸ்து’ என்று வாசிக்கும்போது முதலில் மனதில் வரவேண்டியது ராஜாவும் ஆசாரியனும்.

கேள்வி: கிருஷ்ணா என்பதிலிருந்து கிறிஸ்து வந்தது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறதே?

பதில்: ஒலி ஒத்துப்போவது மட்டும்தான். சமஸ்கிருத ‘கிருஷ்ண’ என்றால் கரியது. கிரேக்கச் சொல் ‘பூசு’ என்ற வினையிலிருந்து வருவது. இயேசு பிறக்குமுன்பே எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் சங்கீதம் 2:2-ல் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டார்கள்.

கேள்வி: பழைய ஏடுகளில் ‘கிரேஸ்தியானோஸ்’ என்று வேறு எழுத்தில் இருக்கிறதாமே? எது சரி?

பதில்: இருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டின் கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதியான சினாய் ஏட்டில், மேலே சொன்ன மூன்று வசனங்களிலும் முதலில் அப்படித்தான் எழுதப்பட்டது. ரோம நகரம் எரிந்த 64-ஆம் ஆண்டைப் பற்றி ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதிய பகுதியின் பழைய கையெழுத்துப் பிரதியிலும் ஓர் ‘எ’ பின்னால் ‘இ’ ஆகத் திருத்தப்பட்டிருக்கிறது. காரணம், கிரேக்கத்தில் அந்த இரண்டு உயிரும் பேச்சில் ஒன்றாகிவந்தன. ‘கிரேஸ்தோஸ்’ என்றால் நல்லவன். அடிமைகளுக்குச் சாதாரணமாக வைத்த பேர். கிறிஸ்தோஸ் என்றால் என்னவென்று தெரியாத ரோமன் தனக்குத் தெரிந்த பேராகக் கேட்டுக்கொண்டான். ஆனாலும் எழுத்தை வைத்து ‘இவர்கள் வேறு கூட்டம்’ என்று முடிவுகட்டுவது தவறு. “பேரிலேயே நல்லவர்கள் என்று இருக்கிறதே, பிறகு ஏன் தண்டிக்கிறீர்கள்?” என்ற பொருளில் ஆதிச் சபை எழுத்தாளர்களான ஜஸ்டினும் தெர்த்துல்லியனும் இந்தக் குழப்பத்தையே வாதமாக்கினார்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் வெறும் பேருக்காகத் தண்டனை உண்டா சார்?

பதில்: உண்டு. சுமார் 112-ல் பித்தினியா-பொந்து மாகாணத்து ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனிடம் கேட்டதே இதுதான்: குற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் அந்தப் பேரே தண்டனைக்குரியதா, அல்லது பேரோடு ஒட்டிய குற்றங்களா? அவர் விசாரித்த முறை இது. “நீ கிறிஸ்தவனா?” என்று கேட்பார். ஆம் என்றால் மரண தண்டனை என்று மிரட்டி இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்பார். அப்போதும் ஆம் என்றால் கொலைக்களம். ரோமக் குடியுரிமை இருந்தால் ரோமுக்கு அனுப்புவார். இல்லை என்பவன் தெய்வங்களை வேண்டி, பேரரசரின் சிலைக்குத் தூபமும் திராட்சமதுவும் படைத்து, கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். டிராஜன் எழுதிய பதில்: தேடிப் பிடிக்க வேண்டாம், குற்றஞ்சாட்டி நிரூபித்தால் தண்டிக்கலாம், பேரில்லாத மொட்டைக் கடிதத்தை ஏற்கக்கூடாது.

இதை வைத்துக்கொண்டு 1 பேதுரு 4:16-ஐ வாசித்துப் பாருங்கள்: “கிறிஸ்தவனாயிருப்பதினால் பாடுபட்டால் வெட்கப்படாமலிருந்து”. எதிராளி வைத்த பேரை விசுவாசி தன் வாயால் அறிக்கையிடும் இடத்துக்கு இந்தச் சொல் வந்துவிட்டது. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே அந்தியோகியாவின் ஆயர் இக்னாசியுஸ் ‘கிறிஸ்தவம்’ என்ற சொல்லையும் தயக்கமில்லாமல் எழுதுகிறார்.

கேள்வி: கிறிஸ்தவர், கிறித்தவர்: எது சரியான எழுத்து?

பதில்: இரண்டும். வேதாகமத்திலும் சபையிலும் கிறிஸ்தவர். கிரந்த எழுத்தைத் தவிர்க்கும் பாடநூல்களில் கிறித்தவர். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள். வசனத்தை மேற்கோள் காட்டும்போது மட்டும் அந்தப் பதிப்பின் எழுத்தை அப்படியே வையுங்கள். தென் மாவட்டங்களில் பெரியவர்கள் சொல்லும் ‘வேதக்காரர்’ இதன் மொழிபெயர்ப்பு அல்ல, தனிச் சொல்.