தல்வாருக்கு உப்புத்தாள் வேண்டாம்

வணக்கம் நண்பரே. சின்ன வயதில் பார்த்த வாள்சண்டைப் படங்களின் ஆசையில் வளைந்த அலகுள்ள இந்திய வாளான தல்வார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். அலகில் துரு, பிடி ஆடுகிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

நானும் ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் படம் முடிந்ததும் தென்னை மட்டையைச் சீவிக்கொண்டு தெருவுக்கு ஓடியவன்தான். படத்தில் மின்னிய மாதிரியே நம் வாளும் மின்ன வேண்டும் என்று தோன்றுவது புரிகிறது. ஆனால் அலகு ஊட்ஸ் என்ற பழைய இந்திய உருக்கு எஃகாக இருந்தால், அதில் நீரலை போல ஓடும் வரிகள் மேற்பரப்பில்தான் தெரியும். உப்புத்தாள் அதை மழித்துவிடும். பிடியில் வெள்ளிக் கம்பி வேலை இருந்தால் அதுவும் போய்விடும்.

தையல் மிஷின் எண்ணெயைத் தடவி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் மூங்கில் சிராயால் மெதுவாகச் சுரண்டி, பருத்தித் துணியால் துடையுங்கள். இப்படி நாலைந்து தடவை. சிவந்த துரு உதிரும். அடியில் இருக்கும் கரும்பழுப்பு நிறத்தை அப்படியே விடுங்கள், அது வாளின் வயது.

பிடி விஷயம்தான் முக்கியம். தல்வார் அலகின் வால் பகுதியைப் பிடிக்குள் அரக்கு போன்ற பிசினை உருக்கி ஊற்றித்தான் பொருத்துவார்கள். அது காய்ந்து உடைந்திருக்கும். வெந்நீரில் போடாதீர்கள். எபாக்சி பசையை ஊற்றினால் அப்புறம் சேதமில்லாமல் கழற்றவே முடியாது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதங்கள் இருக்கின்றன, ஒருமுறை போய்ப் பாருங்கள். அலகைப் பக்கவெளிச்சத்தில் படமெடுத்து இங்கே போடுங்கள், வரி தெரிகிறதா பார்க்கலாம்.