12 லட்சம் கடன் வாங்கி காபித்தூள் ஆலை போடலாமா?

கேள்வி: பண்ணைக்காடு பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் காபித் தோட்டம். அராபிகாதான், ஊடே மிளகும் மலைவாழையும் உண்டு. காய்ப்பு நன்றாக இருக்கும் வருஷம் 4,500 கிலோ பழம் வரும், மறு வருஷம் 3,000 கிலோதான். போன சீசனில் பழமாகவே கிலோ 85 ரூபாய்க்குக் கொடுத்தோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பழச் சதையை நீக்கி, மேல்தோலோடு கொட்டையை உலர்த்தி, பார்ச்மெண்ட் ஆக்கி 50 கிலோ மூட்டையை 26,000 ரூபாய்க்கு விற்றார். கோவையில் வேலையை விட்டு வந்திருக்கும் என் மகன், நாமே தூளாக்கி கிலோ 1,000 ரூபாய்க்கு விற்கலாம் என்கிறான். பல்ப்பர் (பழச் சதையை உரிக்கும் இயந்திரம்), தொட்டி, உலர்களத்துக்கு 2.2 லட்சம், வறுக்கும் இயந்திரம், அரவை, பேக்கிங், கட்டடத்துக்கு 9.8 லட்சம். வங்கி 11 சதவீத வட்டியில் 7 வருடத்துக்குத் தரத் தயார். கைச்செலவுக்கு 15 பவுன் நகையை அடகு வைக்கலாம் என்றிருக்கிறோம். எங்களிடம் 1.5 லட்சம் டெபாசிட் இருக்கிறது. செய்யலாமா?

பதில்: அம்மா, மகன் தோட்டத்துக்குத் திரும்பி வந்ததே பெரிய விஷயம். அவர் யோசனையில் பாதி மிகச் சரி. மற்ற பாதிக்கு இப்போது கடன் வாங்க வேண்டாம்.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். 4,500 கிலோ பழத்தைப் பல்ப்பரில் போட்டு, கழுவி, உலர்த்தினால் சுமார் 900 கிலோ பார்ச்மெண்ட் வரும். அது 18 மூட்டை, 4,68,000 ரூபாய். பழமாக விற்றதில் கிடைத்தது 3,82,500. வித்தியாசம் 85,500. கூடுதல் ஆள்கூலி, மின்சாரம் என்று 20,000 கழித்தாலும் 65,000 நிற்கிறது. காய்ப்பு குறைந்த வருஷத்தில் 40,000 நிற்கலாம். 2.2 லட்சம் முதலீட்டுக்கு இது நல்ல வருமானம்.

அடுத்து தூள். 900 கிலோ பார்ச்மெண்டின் தோலை நீக்கினால் 720 கிலோ பச்சைக் கொட்டை. வறுக்கும்போது ஆறில் ஒரு பங்கு எடை போய்விடும், ஆக 600 கிலோ தூள். பார்ச்மெண்டாகவே விற்றிருந்தால் வந்திருக்கும் 4,68,000 ரூபாயை இந்த 600 கிலோவால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ தூளுக்குள் 780 ரூபாய் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. 1,000 ரூபாய்க்கு விற்றால் மிச்சம் 220. தோல் நீக்குவது, வறுப்பது, பாக்கெட், கூரியர் எல்லாம் அதற்குள்தான். கடைக்காரர் 15 முதல் 20 சதவீதம் கழிவு கேட்டால் ஏறக்குறைய அத்தனையும் அங்கேயே போய்விடும்.

இயந்திரத்தை எத்தனை நாள் ஓட்டுவீர்கள் என்றும் யோசியுங்கள். 5 கிலோ கொள்ளளவுள்ள வறுப்பு இயந்திரம் மணிக்கு மூன்று தடவை வறுத்தால் 15 கிலோ. 720 கிலோவுக்கு 48 மணி நேரம். வருஷம் முழுவதற்குமான வேலை ஆறே நாளில் முடிந்துவிடும்! தவணையோ மாதம் 20,500 ரூபாய்க்கு மேல், வருஷத்துக்கு 2.46 லட்சம்.

இன்றைய விலையை நிரந்தரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2019 மே மாதம் உலகச் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 1 டாலருக்கும் கீழே கிடந்தது. பிரேசிலில் 2024-இல் வறட்சி. அதன் பிறகு 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் மழை நன்றாகப் பெய்தால் உங்கள் ஊரில் விலை இறங்கும். பார்ச்மெண்ட் கிலோ 250 ரூபாய்க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், உங்கள் மொத்த விளைச்சலின் மதிப்பு 2.25 லட்சம். தவணைக்கே போதாது. மிளகும் வாழையும் சேர்ந்து அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டியிருக்கும். நகையை அடகு வைக்கும் யோசனையை இதனால்தான் அடியோடு விட்டுவிடச் சொல்கிறேன்.

ஆகவே பல்ப்பர், தொட்டி, உலர்களத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டெபாசிட்டில் 1 லட்சம் எடுங்கள், 1.2 லட்சம் மட்டும் கடன். மீதி 50,000 அவசரத்துக்கு இருக்கட்டும். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம். மானியம் இருக்கிறதா, வாங்குவதற்கு முன்பே அனுமதி பெற வேண்டுமா என்று வாரியத்தின் விரிவாக்க அலுவலர்களிடம் கேட்டுவிட்டு இயந்திரத்துக்குப் பணம் கட்டுங்கள். மானியம் வந்தால் கடனில் கட்டலாம். அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

உலர்களத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கீழ்ப்பழனி மலையில் பழம் பறிக்கத் தொடங்கும்போது வடகிழக்குப் பருவமழையும் கூடவே இருக்கும். வெறும் தார்ப்பாய் போதாது. தரையிலிருந்து உயர்த்திய வலைப் பரண், மேலே பாலித்தீன் கூரை வேண்டும். ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்காமல் மூட்டை கட்டினால் பூஞ்சை வாடை வந்துவிடும், அந்த 65,000-உம் போய்விடும். பறித்த அன்றே பல்ப்பரில் போட வேண்டும். அதற்குப் பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். பறிப்பவர்களுக்குக் கூலி கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், தகும். பச்சைக் காயும், தண்ணீரில் மிதக்கும் பழமும் தனியே, சதையோடு முழுசாகவே காய்ந்து செர்ரியாக விலைக்குப் போகட்டும்.

இன்னொன்று. பழம் விற்றபோது வாராவாரம் காசு வந்தது, பறிப்புக் கூலியை அதிலிருந்தே கொடுத்திருப்பீர்கள். பார்ச்மெண்டில் பணம் கைக்கு வர இரண்டு மாதம்கூட ஆகலாம், கூலியோ வாரம் தவறாமல் கொடுத்தாக வேண்டும். இதற்குக் கிசான் கடன் அட்டையைப் பயன்படுத்துங்கள்: 3 லட்சம் வரை 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான் விழும். விலை ஏறும் என்று 18 மூட்டையையும் வீட்டில் அடுக்கி வைக்காமல், மூன்று தடவையாகப் பிரித்து விற்றுவிடுங்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: பார்ச்மெண்டாக விற்கும்வரை அது விவசாய வருமானம். வறுத்து அரைத்து விற்றால் அந்த லாபத்தில் 40 சதவீதம் வணிக வருமானம். உங்கள் அளவுக்கு வரி வராது, ஆனால் பில்களை வைத்திருங்கள்.

மகனின் தூள் ஆசையை மூடி வைக்கச் சொல்லவில்லை. வரும் சீசனில் ஒரே ஒரு மூட்டையைத் தனியே எடுத்து, கூலிக்குத் தோல் நீக்கி வறுத்துத் தரும் இடத்தில் கொடுங்கள். 33 கிலோ தூள் வரும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு கட்டாயம். சிக்கரி கலந்தால் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், கலந்த அளவையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். கோவையில் அவருடன் வேலை பார்த்தவர்களுக்கு அரைக் கிலோ பாக்கெட்டுகளாக, முழுப் பணத்துக்கே விற்கட்டும். இலவசமாகக் கொடுத்தால் உண்மை தெரியாது. அவர்களில் எத்தனை பேர் மறு மாதம் தாங்களாகவே கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பாதிப் பேர் கேட்டால் அடுத்த வருஷம் ஐந்து மூட்டை. அப்போது அந்த நோட்டோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம்.