பயாப்சி சதையில் பயோமார்க்கர் டெஸ்ட் எடுத்தால் புற்றுநோய் வருமா என்று தெரிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. புகை, புகையிலை, மது எதுவும் கிடையாது. நாக்கின் இடது ஓரத்தில் பல மாதங்களாக ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. வலி இல்லை. பயாப்சி எடுத்ததில் ‘லூக்கோப்ளேக்கியா, மிதமான டிஸ்ப்ளேசியா’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. திட்டை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அதே சதையில் பி53, கேஐ-67, டிஎன்ஏ டெஸ்ட் எல்லாம் செய்து பார்த்தால் இது புற்றுநோயாக மாறுமா மாறாதா என்று தெரிந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா? ரிசல்ட் வரும்வரை ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட வேண்டாம். உங்கள் ரிப்போர்ட்டிலும் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களிலுமே முடிவெடுக்கப் போதுமான தகவல் இருக்கிறது.

லூக்கோப்ளேக்கியா என்பது வாயில் வரும், வேறு நோய் என்று காரணம் சொல்ல முடியாத வெள்ளைத் திட்டு. அதை மொத்தமாக எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய பத்தில் ஒன்று பிற்பாடு புற்றுநோயாகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் எல்லாத் திட்டும் ஒன்றல்ல. நாக்கின் ஓரமும் நாக்குக்கு அடியிலுள்ள வாய்த்தளமும் ஆபத்து கூடுதலான இடங்கள். பயாப்சியில் டிஸ்ப்ளேசியா, அதாவது செல்களின் வடிவமும் அமைப்பும் இயல்பிலிருந்து மாறியிருப்பது, தெரிந்தால் ஆபத்து இன்னும் ஏறும். இன்னொன்று பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். புகைக்காதவருக்கு வரும் லூக்கோப்ளேக்கியா, புகைப்பவருக்கு வருவதைவிடப் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு அதிகம். ‘எனக்குத்தான் கெட்ட பழக்கம் எதுவும் இல்லையே’ என்று இந்த விஷயத்தில் நிம்மதி அடைய முடியாது. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் டாக்டர் திட்டை எடுக்கச் சொல்வதற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்று காட்டவே சொல்கிறேன்.

இனி பயோமார்க்கருக்கு, அதாவது சதையில் அளந்து பார்க்கும் புரதம், டிஎன்ஏ போன்ற அடையாளங்களுக்கு வருவோம். டிஸ்ப்ளேசியா என்பது நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்துத் தரும் தீர்ப்பு. வாயின் மேல்தோலை மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டு, மாறுபட்ட செல்கள் அடிப்பங்கோடு நின்றால் லேசானது, நடுப்பங்கு வரை ஏறினால் மிதமானது, அதற்கும் மேலே போனால் தீவிரமானது என்பது பொதுவான கணக்கு. இதில் இரண்டு நிபுணர்கள் அதிகம் முரண்படுவதே அந்த ‘மிதமான’ வகையில்தான். அதனால்தான் செல்லுக்குள் நடக்கும் மாற்றத்தை நேரடியாக அளக்க ஒரு வழி வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளாக ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடலில் தவறே இல்லை. கிடைத்த விடைகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் கேள்வி.

பி53-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இது செல் கண்டபடி பிரியாமல் தடுக்கும் புரதம். ஆரோக்கியமான செல்லில் உருவானதும் சீக்கிரமே சிதைந்துவிடும் என்பதால் சாயம் ஏற்றிப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக லேசாகத்தான் தெரியும். இதன் ஜீனில் பிறழ்வு ஏற்பட்டால் புரதம் சிதையாமல் தேங்கும். செல்களின் உட்கருக்கள் வரிசையாக அடர்பழுப்பு நிறத்தில் தெரியும். இதுவரை சரி. ஆனால் சிலவகைப் பிறழ்வுகளில் புரதமே உருவாகாது. அப்போது ஸ்லைடில் ஒன்றுமே தெரியாது. அனுபவம் இல்லாத கண் அதை ‘நெகட்டிவ், பயமில்லை’ என்று படித்துவிடலாம். உண்மையில் அந்த முழு வெறுமைகூட ஒரு எச்சரிக்கைதான். அப்புறம், வெறும் அழற்சி இருந்தாலே பிறழ்வு இல்லாத பி53-ம் கூடுதலாகத் தெரியக்கூடும். அதனால் பி53 ரிப்போர்ட்டில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. சாயம் எந்த அடுக்கில், எந்த அமைப்பில் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும்.

கேஐ-67 இன்னும் எளிது. பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் மட்டும் இருக்கும் புரதம் இது. இயல்பான தோலில் அடித்தட்டை ஒட்டியே தெரியும். டிஸ்ப்ளேசியாவில் மேலடுக்குகளுக்கும் ஏறும். ஆனால் பல் உரசி ஏற்பட்ட காயமும் கேண்டிடா பூஞ்சைத் தொற்றும்கூட இதை ஏற்றிவிடும். செல்கள் வேகமாகப் பெருகுகின்றன என்று இது சொல்லும், எதை நோக்கிப் பெருகுகின்றன என்று சொல்லாது.

பி16 என்ற இன்னொரு புரதம் பற்றியும் ஒரு வார்த்தை. கர்ப்பப்பைவாய் திசுவில் இது எச்பிவி வைரஸுக்கு நல்ல அடையாளம். அந்தப் பெயரை வைத்து வாய்த் திட்டிலும் சிலர் இதைச் செய்யச் சொல்வதுண்டு. வாய்க்குள் இதன் கணக்கே வேறு. பி16 பாசிட்டிவ் என்பதை மட்டும் வைத்து வைரஸ் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இவற்றைவிடக் கனமான சான்று இருப்பது குரோமோசோம் இழப்பைப் பார்க்கும் டெஸ்டுக்கு. ஒவ்வொரு குரோமோசோமும் நமக்கு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. 9-ஆம் குரோமோசோமின் குட்டைக்கை எனப்படும் சிறிய பக்கத்தில் ஒரு பிரதியின் பகுதி காணாமல் போவது வாய்ப் புற்றுநோய்ப் பாதையில் மிக ஆரம்பத்திலேயே நடக்கும் மாற்றம். லேசான, மிதமான டிஸ்ப்ளேசியா உள்ளவர்களைக் கனடாவில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2012-ல் ஒரு ஆய்வு வெளியானது. இந்த இழப்பு இல்லாதவர்களில் 5 ஆண்டுகளில் சுமார் 3 சதவீதம் பேருக்குத்தான் நோய் முற்றியது. இந்த இழப்போடு 4, 17-ஆம் குரோமோசோம்களிலும் இழப்பு இருந்த குழுவில் அது 60 சதவீதத்தைத் தாண்டியது. திசு பயோமார்க்கர்களில் நான் மதிக்கும் ஒன்று இது. ஆனால் தரப்படுத்தப்பட்ட முறையில் இதைச் செய்யும் ஆய்வகங்கள் மிகக் குறைவு.

சரி, ஆபத்து அதிகம் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? 2016-ல் வெளியான ஒரு பெரிய பரிசோதனை இதைத்தான் கேட்டது. குரோமோசோம் இழப்பு இருந்தவர்களில் பாதிப் பேருக்கு எர்லோடினிப் என்ற புற்றுநோய் மருந்து மாத்திரையும் மற்றவர்களுக்கு டம்மி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். இழப்பு உள்ளவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வரும் என்பது அதில் உறுதியானது. ஆனால் மாத்திரை அதைத் தடுக்கவில்லை. டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்தால் போட்டுக்கொள்ள ஒரு தடுப்பு மருந்து இன்றுவரை கையில் இல்லை.

உங்கள் நண்பர் சொல்லும் டிஎன்ஏ டெஸ்ட் பெரும்பாலும் பிளாய்டி டெஸ்டாக இருக்கலாம். செல்லில் டிஎன்ஏ மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அது. இதற்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 2001-ல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு, பிளாய்டி மாறியிருந்தால் புற்றுநோய் அநேகமாக நிச்சயம் என்கிற அளவுக்குச் சொன்னது. அதை எழுதிய நார்வே ஆய்வாளர் ஜோன் சுட்போ தரவுகளைப் புனைந்தவர் என்பது பிறகு விசாரணையில் வெளிப்பட்டு, 2006-ல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நோயாளிகளின் பயத்தோடு விளையாடிய இந்த மோசடியை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. பிறகு மற்றவர்கள் நேர்மையாகச் செய்த ஆய்வுகளில் பிளாய்டிக்கும் ஓரளவு பயன் இருப்பது தெரிந்தது. 2013-ல் வந்த ஓர் ஆய்வில், பிளாய்டி மாறிய திட்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு புற்றுநோயானது. தீவிர டிஸ்ப்ளேசியா என்று கண்ணால் பார்த்துச் சொன்னவற்றிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதாவது இரண்டிலுமே ஐந்தில் மூன்று புற்றுநோயாகவில்லை.

எல்லா டெஸ்டுக்கும் பொதுவாக இன்னொரு குறை இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே எடுபடாது. பயாப்சியில் எடுத்தது சில மில்லிமீட்டர் சதை. திட்டின் ஒரு மூலையில் லேசான மாற்றமும் இன்னொரு மூலையில் தீவிர மாற்றமும் இருக்கலாம். முழுத் திட்டையும் எடுத்து அனுப்பும்போது பயாப்சியில் சொன்னதைவிட மோசமான நிலை, சிலருக்குப் புற்றுநோயே கூடத் தெரிய வருவதுண்டு. திட்டை எடுப்பதே புற்றுநோயை நிச்சயமாகத் தடுக்கும் என்பதற்கும் உறுதியான நிரூபணம் இல்லை. எடுத்த இடத்திலேயே மறுபடி வரலாம். ஆனாலும் முழுச் சதையும் பரிசோதனைக்குக் கிடைக்கிறது என்ற ஒரு காரணமே உங்கள் விஷயத்தில் எனக்குப் போதும்.

எனவே டெஸ்டுக்கு ஒப்புக்கொள்ளும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘பாசிட்டிவ் என்றால் என்ன செய்வீர்கள், நெகட்டிவ் என்றால் என்ன செய்வீர்கள்?’ உங்களுக்கு இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். எடுத்துவிட்டுத் தொடர்ந்து கவனிப்பது. நெகட்டிவ் என்று வந்து, அதை நம்பி நீங்கள் செக்கப்புக்குப் போகாமல் விட்டுவிடுவதுதான் என் பெரிய பயம். லேசான டிஸ்ப்ளேசியா, திட்டோ பெரியது, முழுவதும் எடுத்தால் பேச்சோ விழுங்குவதோ பாதிக்கும் என்ற நிலையில் இருப்பவருக்கு நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். அங்கே நல்ல ஆய்வகத்தில் செய்த குரோமோசோம் டெஸ்ட் முடிவை மாற்றக்கூடும்.

டெஸ்டுக்குச் செலவழிக்க நினைப்பதை, அதே ஸ்லைடை வாய் நோய்க்குறியியல் நிபுணர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துக்கு அனுப்பச் செலவழியுங்கள். ஸ்லைடோடு, பயாப்சி சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கலாம். திட்டு எந்த இடம், எவ்வளவு பெரியது என்ற குறிப்பும் ஒரு போட்டோவும் கூடவே போகட்டும். பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார்களா என்றும் கேளுங்கள். லேசர் செய்வதானால் சதையை வெட்டி எடுக்கும் முறையாக இருக்கட்டும். ஆவியாக்கிவிட்டால் பார்க்க ஒன்றுமே மிஞ்சாது.

ஆபரேஷனுக்குப் பின் தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வாய் முழுவதையும் காட்டுங்கள், எடுத்த இடத்தை மட்டுமல்ல. இடையில் சிவப்புத் திட்டு, தொட்டால் கெட்டியாகத் தட்டுவது, ரத்தக் கசிவு, மரத்துப்போவது, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கழுத்தில் கட்டி, இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதிவரை காத்திருக்காமல் போய்விடுங்கள்.