சம்பளமா, பங்கா, லோக்கமா?

கேள்வி: இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர் பயிற்சி முடிக்கப்போகிறேன். ஒரு கிளினிக்கில் சம்பள வேலையும் தருகிறார்கள், பங்குதாரராகவும் கூப்பிடுகிறார்கள். தோழிகளோ லோக்கம் (வேறு மருத்துவருக்குப் பதிலாகத் தற்காலிகமாகப் பார்க்கும் வேலை) போகச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: முதலில் விசாவைப் பாருங்கள். வேலை தருபவர் ஸ்பான்சர் செய்யும் ஸ்கில்டு ஒர்க்கர் விசா என்றால் சம்பள வேலைதான். மற்ற இரண்டும் சுயதொழில்.

சம்பளத்தில் ஒரு செஷன் 4 மணி 10 நிமிடம். வாரம் 9 செஷன் முழுநேரம். ஜிஎம்எஸ் (அரசு சுகாதார சேவையான என்எச்எஸ்ஸின் பொது ஒப்பந்தம்) கிளினிக் என்றால், மருத்துவர் சங்கமான பிஎம்ஏவின் மாதிரி ஒப்பந்தத்துக்குக் குறைவாகத் தரக்கூடாது. 8.30க்குத் தொடங்கினால் 12.40க்கு எழுந்துவிட வேண்டும். நோயாளிகளைப் பார்க்கவே 12.30 ஆகிறதென்றால், ரத்தப் பரிசோதனை முடிவுகளும் கடிதங்களும் உங்கள் கணக்கில் இலவச உழைப்பு. கையெழுத்துக்கு முன் ஒருநாள் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

லோக்கம் தினக்கூலி கவர்ச்சிதான். ஆனால் விடுப்புக்கும் காய்ச்சலுக்கும் காசில்லை. பென்ஷன் படிவங்களை வேலை முடிந்த 10 வாரத்துக்குள் அனுப்பாவிட்டால் அந்த வேலைக்கான பென்ஷனும் போச்சு.

பங்கு என்றால் கூட்டாண்மைப் பத்திரம் இல்லாமல் சேரவே வேண்டாம். பத்திரம் இல்லாத கூட்டாண்மையை, 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி, பங்குதாரர்களில் யாராவது ஒருவர் நோட்டீஸ் கொடுத்தே கலைக்கலாம். கட்டடக் குத்தகை யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். மற்றவர்கள் விலகினால் வாடகை உங்கள் தலையில் விழும்.